மேலே நின்று பார்த்த கங்காணி

போன மாதம் பதுளையில் ஒரு கூட்டம். தோட்டத்து ஆபீஸ்களில் வேலை செய்து ஓய்ந்துபோன எங்களைப் போன்ற ஆட்களையும், இப்போது வேலை செய்கிற பிள்ளைகளையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பழைய ஆட்கள் ஏதாவது சொல்ல வேண்டுமாம், புதியவர்கள் கேட்க வேண்டுமாம். என் முறை வந்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்.

"ஐயா, சுப்பர்வைஸ், ஓவர்ஸீ, ஓவர்லுக், இந்த மூணும் ஒண்ணுதானுங்களா? எங்க ஆபீசுல ஆளுக்கு ஒண்ணு எழுதுறாங்க."

நான் எழுந்து நின்றேன். "டீ வந்துருச்சு போல இருக்கே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் அடித்தவனுக்கு வேலையைப் பார்ப்பது என்பதற்கு ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மூன்றில் ஒன்று என்னைப் பிடித்துக் குழப்பியடித்த மாதிரி வேறு எவனையும் குழப்பியிருக்காது. அதை அந்த மண்டபத்தில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். புத்திமதி எதுவும் எதிர்பார்க்க வேண்டாம், என்னிடம் இருப்பது குழப்பம் மட்டும்தான்.

நான் பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கம். படித்தது பதுளையில். டைப் அடிக்கக் கற்றுக்கொண்டது பதுளை பஜாரில், ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில். அறுபதுகளின் நடுவில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், மழை பெய்தால் அந்தக் கணக்கும் கிடையாது. அவ்வளவு சொன்னால் போதும்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, பையில் ஒரு நீலப் பென்சில். என்னை விட முப்பது வயது மூத்தவர், இருந்தும் என்னை 'நீ' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'நீர்' தான். அந்த 'நீரை' வாங்கிக்கட்டிக்கொள்வதற்கு, 'நீ' என்று சொல்லி இரண்டு அடி போட்டிருந்தாலும் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

வாக்குமூலம் எடுப்பது என் வேலை. தோட்டத்தில் சண்டை, களவு, விபத்து, எது நடந்தாலும் சம்பந்தப்பட்ட ஆள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். உள்ளே உட்கார்ந்து நான் எழுத வேண்டும். நீளத் தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் அவர் சொன்ன தமிழ், வலது பக்கம் அதற்கு நேராக இங்கிலீஷ். தமிழை வாசித்துக் காட்டி, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்க வேண்டும். பிறகு இங்கிலீஷை மட்டும் மூன்று பிரதி டைப் அடிக்க வேண்டும். ஒன்று தோட்டத்து மனேஜரான துரைக்கு, ஒன்று கொழும்பிலிருக்கிற தலைமை ஆபீசுக்கு, ஒன்று பைலுக்கு. தமிழ்த் தாள் அலுமாரிக்குள் போய்விடும். அதை அதற்குப் பிறகு ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

டைப் அடிக்கும் முன் பெரிய கிளாக்கர் இரண்டு பக்கத்தையும் ஒத்துப் பார்ப்பார். ஒவ்வொரு வரிக்கும் கீழே மரக்கோலை வைத்து, விரலால் தள்ளித் தள்ளி வாசிப்பார். சரியென்றால் ஓரத்தில் நீலத்தில் ஒரு சின்னக் கோடு. ஒரு தடவை ஒருவன், "என்னைய நாய் மாதிரி வெரட்டுனாருங்க" என்று சொன்னான். நான் கொஞ்சம் நாகரிகமாக, 'என்னை மோசமாக நடத்தினார்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். மரக்கோல் அந்த வரியில் நின்றது.

"ஐசே, நாய் எங்கை?"

"சேர்?"

"இந்தப் பக்கத்திலை ஒரு நாய் நிக்குது. அந்தப் பக்கத்திலை நாயைக் காணேல்லை. எங்கை போட்டுது?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

"அவன் சொன்னதை எழுதும். நீர் நினைச்சதை எழுதாதையும். சொல்லுக்குச் சொல். விளங்கிச்சுதோ?"

விளங்கியது. அன்றிலிருந்து சொல்லுக்குச் சொல்தான். நாய் என்றால் நாய், மாடு என்றால் மாடு. அந்தப் பாடத்தை நான் நன்றாகப் படித்ததுதான் வினை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை. பெரிய கிளாக்கர் ஊரில் கோயில் திருவிழாவுக்கென்று லீவில் போயிருந்தார். அந்தக் கிழமையில்தான் நாலாம் நம்பர் மலையில் கான் வெட்டிய இடத்தில் மண் சரிந்தது.

கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு மலைச்சரிவில் வெட்டுகிற வாய்க்கால். ஏழெட்டுப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் பக்கத்து மண் அப்படியே சரிந்து முனியாண்டி என்ற ஆளின் இடுப்பு வரைக்கும் மூடிவிட்டது. கையால் தோண்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போயிருந்தது. கதவுப் பலகையில் போட்டுக் கட்டி, தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ரோட்டில் அந்தக் காலோடு அவன் எப்படிப் போனானோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த வேலைக்குக் கங்காணி வேலாயுதம். ஐம்பது வயது மனிதர். பழைய கறுப்புக் கோட்டு, கையில் ஒரு கம்பு. குடி கிடையாது, வீண் பேச்சு கிடையாது. மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நேத்து மண்ணு சரியிறப்ப நீங்க எங்க நின்னீங்க கங்காணி?"

"மேலதானுங்க நின்னேன். மேல நின்னு வேலையைப் பாத்தேனுங்க."

"ஆளுங்கள விட்டுட்டு எங்கயாச்சும் போனீங்களா?"

"இல்லீங்க. நகரவே இல்லீங்க. மேல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

இடது பக்கம் எழுதிவிட்டேன். வலது பக்கம் வந்தபோது பேனா நின்றது. மேல நின்னு பார்த்தேன். மேற்பார்வை. மேல் என்றால் ஓவர். பார்த்தேன் என்றால் லுக்ட். சொல்லுக்குச் சொல். ஓவர்லுக்ட். இருந்தாலும் ஒரு சந்தேகம். எழுந்துபோய் ஆபீஸ் அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'ஓவர்லுக்: மேலிருந்து பார், மேற்பார்வை செய்' என்று முதல் வரியிலேயே இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அகராதியும் நானும் ஒரே மாதிரி யோசிக்கிறோமே என்று பெருமைப்பட்டுக்கொண்டு, டக்கென்று மூடி வைத்துவிட்டேன். 'நான் மேலே நின்றேன், வேலையை ஓவர்லுக் பண்ணினேன்' என்று அழகாக டைப் அடித்து மூன்று பிரதியும் எடுத்தேன். மரக்கோல் வைத்துப் பார்க்கத்தான் பெரிய கிளாக்கர் இல்லையே.

ஐந்தாம் நாள் துரை கங்காணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரை புதிதாக வந்தவர், சிங்களவர், கொழும்பில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலீஷ் அருவி மாதிரி. தமிழ் என்றால் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், பேசுகிற அளவுக்குத் தெரியும். பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு இருவர் பேச்சும் கேட்டது.

"நீ வேலே பாக்கலே" என்றார் துரை.

"பாத்தேனுங்க தொரை."

"பாக்கலேன்னு நீயே சொன்னது. இங்கே எழுதியிருக்கு."

"பாத்தேன்னுதானுங்க சொன்னேன்."

"நாளைக்குப் பெரட்டுக்கு வர வேணாம். போ."

நான் டைப்ரைட்டரில் கை வைத்தபடி விழித்துக்கொண்டிருந்தேன். நானே எழுதியது, பார்த்தேன் என்றுதானே இருக்கிறது, இந்த மனுஷன் ஏன் தலைகீழாக வாசிக்கிறார்? துரைக்குத்தான் ஏதோ மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். குழம்பியது யார் என்று தெரிய ஒரு நாள் ஆயிற்று.

மறுநாள் கங்காணியின் மனைவி செல்லம்மா வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார், கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஏங்க கிளாக்கரையா, எங்க வீட்டுக்காரரு பாத்தேன்னு சொன்னாராம். தொரை பாக்கலங்கறாரு. நடுவுல நீங்க ஒரு ஆளுதானே இருந்தீங்க?"

"நான் சரியாத்தாங்க எழுதினேன்."

"சரியா எழுதியிருந்தா இந்த மனுசன் ஏன் காம்பராவுல மூலையில குந்திக்கிட்டு இருக்காரு? நேத்துலருந்து ஒரு வாய் சோறு எறங்கல. பத்துச்சீட்டு குடுத்துட்டா நாங்க ஏழு பேரு எங்கங்க போறது? அந்த ஒரு காம்பராதானே எங்களுக்கு இருக்கு?"

பத்துச்சீட்டு என்பது வேலையிலிருந்து நிறுத்திவிட்டதற்குக் கொடுக்கிற காகிதம். அது கையில் வந்தால் வேலையோடு லயத்துக் காம்பராவும், அதாவது தோட்டம் கொடுத்த குடியிருப்பு அறையும், போயிற்று. ஏழு பேரும் சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். செல்லம்மா அழவில்லை. கூடையைச் சரிபண்ணிக்கொண்டு மலைக்குத் திரும்பிப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பத்துச்சீட்டை டைப் அடிக்க வேண்டியவனும் நான்தான். துரை கையால் எழுதிய நகல் மத்தியானம் என் மேசைக்கு வந்தது. 'வேலையை ஓவர்லுக் பண்ணியதாகத் தானே ஒப்புக்கொண்டிருப்பதால்' என்று அதில் இருந்தது. ஒப்புக்கொண்டிருப்பதாலா? வேலையைப் பார்த்ததை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அது என்ன குற்றமா?  அகராதியைத் திரும்பவும் எடுத்தேன். முதல் வரியைத் தாண்டி, நான் போன தடவை பார்க்காமல் விட்ட இரண்டாவது வரிக்கு வந்தேன். 'கவனியாது விடு. கண்டும் காணாததுபோல் இரு.'

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே சொல். மேல் வரியில் பார் என்கிறது, கீழ் வரியில் பார்க்காதே என்கிறது. இந்த இங்கிலீஷ்காரன் நாட்டைப் பிடித்ததோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? ஒரு மனிதனின் வயிற்றுப்பிழைப்பு ஒரு சொல்லின் இரண்டு வரிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டிவிட்டவன் நான். அன்று டைப்ரைட்டர் ரிப்பன் போய்விட்டது என்று துரையிடம் ஒரு பொய் சொன்னேன். பத்துச்சீட்டை அடிக்கவில்லை.

மறுநாள் பெரிய கிளாக்கர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். எனக்கென்று ஒரு சின்ன ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி கொண்டுவந்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வாக்குமூலத்தை எடுத்து மரக்கோலை வைத்தார். மேல, ஓவர். பாத்தேன், லுக்ட். பிறகு அகராதியை வைத்து இரண்டு வரியையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டு, இன்னொரு தடவை வாசித்தார்.

"நான் இருந்திருந்தாலும் இதுக்குக் கோடு போட்டிருப்பன்" என்றார்.

"இப்ப என்னங்க சேர் செய்யிறது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பிழையெண்டால் திருத்தலாம். நீர் எழுதினது பிழையில்லையே ஐசே. பிழையில்லாததை என்னெண்டு திருத்திறது?"

அவர் குழம்பி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். கொஞ்ச நேரம் கழித்து, "வாரும், துரையிட்டைப் போவம்" என்று எழுந்தார். "உம்முடைய நிரந்தரக் கடிதம் இன்னும் வரேல்லை, ஞாபகம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். அதை நான் மறந்தால்தானே.

துரை பொறுமையாகக் கேட்டார். நான் எழுதிய சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்றும், கங்காணி சொன்னது முதல் அர்த்தம் என்றும் சொன்னேன். அகராதியையும் காட்டினேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். "பார்த்தான் என்பதற்கும் பார்க்கவில்லை என்பதற்கும் ஒரே சொல்லா? என் பாஷை மாதிரி பேசிக்கொண்டிருந்தேனே, இது எனக்கே தெரியாமல் போயிற்றே" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு, "சரி, அகராதியை விடு. அவனையே கூப்பிட்டுத் திரும்பக் கேட்போம். நீ மொழிபெயர். பெரிய கிளாக்கர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்" என்றார். என் மேல் நடவடிக்கை பற்றி ஒரு பேச்சும் இல்லை. பாதி உயிர் திரும்ப வந்தது.

அடுத்த நாள் காலை விசாரணை. துரை மேசைக்குப் பின்னால், பெரிய கிளாக்கர் பக்கத்தில் தாளும் நீலப் பென்சிலுமாக, நான் நடுவில் நின்றுகொண்டு. கங்காணி உள்ளே வரும்போதே அவர் காதருகில், "பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பலி கொடுக்கும் முன் சேவல்மேல் தண்ணீர் தெளித்தால் தலையை ஆட்டுமே, அந்த மாதிரி.

துரை ஒவ்வொன்றாகக் கேட்டார். கானுக்கு அடையாளம் போட்டது யார், எத்தனை அடி ஆழம், ஆள் எத்தனை பேர், நீ நின்ற இடம் எது. நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பத்துச்சீட்டு கிழிந்த மாதிரிதான் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு கேள்வி.

"காலையில் வேலை தொடங்கும் முன் மேல்பக்கத்து மண்ணைப் பார்த்தாயா?"

கங்காணி கம்பைத் தேடுகிற மாதிரி கையைத் துழாவினார். கம்பு வெளியே இருந்தது.

"பாத்தேனுங்க. கீறல் விட்டிருந்திச்சு. விரலு போற அளவுக்குக் கீறல். நல்லாக் கண்டேனுங்க. மழைக்கு முந்தி கான் முடியணும், எவனும் வேலையை நிப்பாட்டக்கூடாதுன்னு தொரை பெரட்டுல சொன்னாருங்களே. அதனால கண்டும் காணாம இருந்துட்டேனுங்க."

 கண்டும் காணாம. அகராதியின் இரண்டாவது வரியை கிட்டத்தட்ட எழுத்துப் பிசகாமல் அந்த எழுத்தறியாத மனிதர் சொல்லிவிட்டார். அப்படியானால் நான் முதலில் எழுதிய சொல்தான் சரியா? துரை வாசித்ததுதான் சரியா? தெரியாமல் நான் உண்மையை எழுதிவிட்டு, இப்போது தெரிந்துகொண்டு பொய்யாக்க வந்து நிற்கிறேனா? அதற்குள் துரையின் கட்டளையும் வந்து விழுந்திருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி மாற்றினால் கங்காணியின் வேலையும் போகும், துரையின் முகத்திலும் கரி.

துரை என்னைப் பார்த்தார். "கண்டான், காணான் என்று இரண்டு தடவை சொன்னானே. காண்பது என்றால் பார்ப்பதுதானே? இரண்டு தடவை பார்த்தேன் என்கிறானா?"

நான் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். நாய் எங்கை என்று கேட்ட மனிதர். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லம்மாதான் கண்ணில் வந்தார்.

"ஆமாம் சேர்" என்றேன். "மண்ணைப் பார்த்தாராம். நாள் முழுக்க வேலையைச் சுப்பர்வைஸ் பண்ணினாராம்."

சுப்பர்வைஸ். அந்தச் சொல்லுக்கு இரண்டாவது வரி கிடையாது என்று முந்தின நாளே அகராதியில் பார்த்து வைத்திருந்தேன்.  பிறகு பெரிய கிளாக்கரின் நீலப் பென்சில் அசைந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

துரை பைலை மூடிவிட்டார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லையா, 'பெரட்டு' என்ற சொல் காதில் விழுந்ததால் விளங்காமல் இருந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. மண் தானாகச் சரிந்தது என்று கொழும்புக்குக் கடிதம் போயிற்று. கங்காணி மறுநாள் பெரட்டுக்கு வந்தார். பெரிய கிளாக்கர் அதைப் பற்றி அவர் ஓய்வு பெற்றுப் போகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. செல்லம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

ஏனென்றால் முனியாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். கால் கோணி ஒட்டியிருந்தது. மலை ஏற முடியாது என்பதால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். தினமும் காலையில் என் ஜன்னலைத் தாண்டித்தான் போவான். ஒரு கால் நடக்கும், ஒரு கால் இழுபடும். "கும்பிடுறேனுங்க ஐயா" என்பான். கீறலைக் கண்ட விஷயம் அவனுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அவன் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன், ஒன்றுகூட எனக்கே திருப்தியாக இல்லை.

கங்காணியும் மாறிப்போனார். கம்பை விட்டுவிட்டு அலவாங்கோடு, அதாவது கடப்பாரையோடு, போக ஆரம்பித்தார். கான் வெட்டுகிற இடமெல்லாம் முதலில் அவரே மேலே ஏறி மண்ணைக் குத்திக் குத்திப் பார்ப்பார். ஒரு மணி நேரம் அதிலேயே போகும். "கங்காணி மலைக்கு ஊசி போடுறாரு" என்று ஆட்கள் கேலி செய்தார்கள். அவர் சிரிக்க மாட்டார். குத்தி முடித்த பிறகும் இறங்க மாட்டார்.

இப்படிச் சில வருஷம் ஓடிற்று. பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரைமார் மாறினார்கள், பலகைகள் மாறின, கடிதத் தலைப்புகள் மாறின. புதிய ஆட்பட்டியல் ஒன்று தயார் பண்ணச் சொன்னார்கள். கங்காணி என்ற பெயர் இனி வேண்டாம், சுப்பர்வைசர் என்று போடு என்று உத்தரவு. பட்டியலில் மேலே சுப்பர்வைசர்மார், கீழே தொழிலாளர். அப்போது பெரிய கிளாக்கர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் பிரதியை அடித்துக்கொண்டிருக்கும்போது வேலாயுதம் கங்காணி ஜன்னலுக்கு வந்தார்.

"ஐயா, பேரை மாத்துறாங்களாமே. சுப்பர்வைசர்னா என்னாங்க?"

"கங்காணிதாங்க. பேருதான் புதுசு."

"கங்காணின்னா?"

இத்தனை வருஷம் கங்காணியாக இருந்தவர் அந்தச் சொல்லுக்கு என்னிடம் அர்த்தம் கேட்கிறார். "கண்காணிக்கிறவரு" என்றேன். "கண்ணால காணுறவரு." சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

 மடுவத்துப் பக்கம் விளக்குமாறு உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"என் பேரைக் கீழ போட்டுருங்க ஐயா."

"என்ன கங்காணி சொல்றீங்க?"

"மேல நின்னு பாத்தது போதுங்க. மம்பட்டி புடிக்கிறேன். காம்பராவை விடச் சொல்ல மாட்டாங்களே?"

"அது மாட்டாங்க. ஆனா ஏங்க? அன்னைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு உங்க வேலையை..." என்று ஆரம்பித்தேன். 

"தெரியுங்க" என்றார். "நான் என்னா சொன்னேன்னு எனக்குத் தெரியும். நீங்க தொரைகிட்ட வேற என்னமோ சொன்னீங்கன்னு அப்பவே தெரியும். இங்கிலீசு தெரியாட்டியும் மொகம் தெரியாதுங்களா? புள்ளகுட்டிய நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். இப்ப மூத்தவன் தோட்டத்துல பேரு பதிஞ்சு வேலைக்கு வந்துட்டான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேலா, என் மேலா, அந்த அகராதி மேலா? தாளை உருவி எடுத்தேன், புதுத்தாள் சுற்றினேன். மேலே இருந்த பெயரை விட்டுவிட்டு, கீழே தொழிலாளர் வரிசையில் 'வேலாயுதம்' என்று அடித்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், 'சொந்த விருப்பம்' என்று போட்டேன். அதுவும் சரியான சொல்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

தாளை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

"கீழதானுங்களே இருக்கு? நல்லாப் பாத்தீங்களா?"

நான் தாளை வாங்கினேன். அலுமாரியின் மேலிருந்து பெரிய கிளாக்கர் விட்டுப்போன மரக்கோலை எடுத்து, முதல் பெயரின் கீழே வைத்தேன். ஒவ்வொரு வரியாக, விரலால் தள்ளித் தள்ளி, அவர் பெயர் வரும் வரைக்கும் வந்தேன்.

"பாத்தேனுங்க" என்றேன்.